கேட்டோ முனைப் பத்திரம்

தூண்டில் நரம்பின் ஒரு நுனியை அப்பாவின் உச்சந்தலையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள் ஆர்டீலியா. மறுநுனியை இழுத்துக்கொண்டுபோய் அவர் குதிகாலில் வைத்த எல்டன், அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். பிறகு தோளுக்குத் தோள் அளந்து இன்னொரு முடிச்சு. நரம்பைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்பாவையே பார்த்தபடி நின்றான்.

“அஞ்சரை அடிதான்க்கா வருது,” என்றான். “நான் ஆறடின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அன்று காலை ஐந்தரை மணிக்கு ரான்ஸம் நியூபால் இறந்துபோனார். வயது எண்பத்து மூன்று. புதினா போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் கேட்டார். மகள் அடுப்படிக்குப் போய்க் கோப்பையோடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகஸ்டு மாதத்து வெயிலில் தீவில் யாரும் பிணத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மறுநாள் மதியத்துக்குள் அடக்கம் செய்தாக வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வீட்டிலிருந்த கண்ணாடிகளைத் துணியால் மூடிவிட்டு, பெரிய பானையில் காப்பி ஏற்றியிருந்தார்கள். அப்பா தனக்கென்று வாங்கி வீட்டுக்கு அடியில் போட்டுவைத்திருந்த பலகைகளை எல்டன் வெளியே இழுத்தான். இழைப்புளியை ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் அதைச் சொன்னான். இரண்டு நாளைக்கு முன் அப்பா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்.

“என்னப் படகுல கொண்டுபோவாதீங்கடான்னாரு. ரோட்டு வழியா டவுனுக்கே தூக்கிட்டுப் போயிருங்கன்னாரு.”

படகில் போக வேண்டாம் என்றால் கேட்டோ முனைக்குப் போக வேண்டாம் என்று பொருள். தெற்குக் கரையில் எந்தக் குடும்பமும் தன் ஆட்களைத் தன் முன்னோர் மண்ணில்தான் புதைக்கும். டவுன் கல்லறை யாருமற்றவர்களுக்கானது. கரையொதுங்கிய மாலுமிகளும், தீவை ஆளும் கொலம்பியாவிலிருந்து வேலைக்கு வந்த இடத்தில் செத்துப்போன போலீஸ்காரர்களும் அங்கே கிடந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஆர்டீலியாவின் அம்மாவும் கிடந்தாள்.

அம்மா இறந்தது 1953இல். ஆர்டீலியாவுக்குப் பதினாலு வயது, எல்டனுக்கு ஒன்பது. சவப்பெட்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு கேட்டோ முனைக்குப் போனார்கள். அப்பாவின் பாட்டனாருக்குப் பாட்டனார் கேட்டோ நியூபால் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கையோடு வாங்கிய மண் அது. சுற்றியிருந்த தென்னந்தோப்பை ஐந்து வருஷத்துக்கு முன் ஹஃபிங்டன் குடும்பம் வாங்கி, முனையையும் சேர்த்துக் கம்பி வேலி போட்டிருந்தது. கரையில் கிழவர் ஹஃபிங்டனும் ஒரு போலீஸ்காரரும் நின்றார்கள். போலீஸ்காரர் ஸ்பானிய மொழியில் ஒரு தாளைப் படித்தார். தெற்குக் கரையில் எல்லாருக்கும் தெரிந்தது தீவின் ஆங்கிலம் மட்டும்தான். யாருக்கும் எதுவும் புரியவில்லை. கிழவர்தான் எடுத்துச் சொன்னார். நியூபால்களின் பத்திரத்தையே அரசாங்கம் மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறது, அவர்கள் தங்கள் பிணங்களை அங்கே புதைக்க யாரும் விடக் கூடாது என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்றார்.

அப்பா இடுப்பளவு தண்ணீரில் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று ஆர்டீலியாவுக்குத் தெரியாது. பிறகு படகைத் திருப்பினார். எதிர்நீரோட்டத்தில் டவுன் வரை மூன்று மணி நேரம் துடுப்புப் போட்டார். படகுக்குள் தண்ணீர் ஏற ஏற, பெட்டி நனையாமல் இருக்க அவள் சுரைக்குடுக்கையால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் அப்பாவுக்கு ஒரே பிடிவாதம். மகளைப் பெருநிலத்துக்கு அனுப்பி ஸ்பானிய மொழியும் சட்ட மொழிபெயர்ப்பும் படிக்கவைத்தார். அவள் அரசாங்க மொழிபெயர்ப்பாளராக உரிமம் வாங்கியதும் முதல் வேலையாகப் பெரிய தீவின் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். 1846ஆம் வருஷத்துத் தாள். சபைப் போதகர் எஸெக்கியல் க்ரோவ் எழுதியது. நீட்டி முழக்கும் சட்டச் சொற்களுக்கு நடுவே அந்த ஒரு வரி இருந்தது: நோ மேன் ஷல் லெட் தெம் இன் த பரியிங் ஆஃப் தெயர் டெட். எந்த மனிதனும் அவர்களை விடக் கூடாது. ‘இன்’ என்ற சின்னச் சொல் மட்டும் நெருடியது. புதைக்க விடுவது என்றால் அந்த இடத்தில் ‘இன்’ எதற்கு? அந்தக் காலத்துப் போதகருக்கு இலக்கணம் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஊருக்கு வந்து, அடுப்படியில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்த அப்பாவிடம், பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொன்னாள்.

அவர் கையிலிருந்த மீனைச் செதில் எடுத்து முடித்தார். “சரி. நீ படிச்சவ,” என்றார். இருபத்தாறு வருஷம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

எல்டன் இழைப்பதை நிறுத்தாமலே சொன்னான். “போலீஸ்காரன் சொன்னப்பகூட அவரு நம்பலக்கா. நீ சொன்னப்பதான் நம்புனாரு.”

இறப்பைப் பதிவு செய்வதற்கு அப்பாவின் பிறந்த தேதி வேண்டியிருந்தது. அது ஆலயத்தில்தான் இருக்கும். சாக்கு கிடைத்தது என்று ஆர்டீலியா வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

ஆலயத்தில் போதகரின் மனைவி ஒரு தகரப் பெட்டியைத் திறந்து கொடுத்துவிட்டு, துக்க வீட்டுக்குத் தேங்காய் துருவப் போய்விட்டார். ஞானஸ்நானப் பதிவேடுகள், கல்யாணப் பதிவேடுகள் என்று பெட்டி நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தோல் அட்டை போட்ட ஒரு குறிப்பேடு. 1908ஐத் தேடி வந்தவள் அதை ஒதுக்கி வைக்கத்தான் எடுத்தாள். கை நழுவியதில் அது மடியில் விழுந்து திறந்துகொண்டது.

எழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ‘கே’ எழுத்தின் கால் அடுத்த வரி வரைக்கும் வால் போல இறங்கியிருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் பதிவு அலுவலகத்தின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு பிற்பகல் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே கை. போதகர் க்ரோவ் தன் சபையின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையையும் இரண்டு மூன்று வரியில் எழுதிவைத்திருந்தார். எத்தனை பேர் வந்தார்கள், யார் பாடினார்கள், யாருக்குக் காய்ச்சல். கண் தானாக வரிகளில் ஓடியது.

‘பலத்த மழை எங்களை ஆராதனையிலிருந்து லெட் பண்ணியது. ஒருவரும் வரவில்லை.’

அவள் மேலே இரண்டு வரி போய்விட்டுத் திரும்பி வந்தாள். மழை எப்படி விடும்? மழை விட்டிருந்தால் ஜனங்கள் வந்திருக்க வேண்டும். ஒருவரும் வரவில்லை என்கிறார். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தாள். மழை அவர்களைத் தடுத்தது.

சொற்களுக்கு இப்படி நேர்வதுண்டு. ‘நாற்றம்’ என்றால் நறுமணம் என்றிருந்த காலம் போய், இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஒரே சொல், உள்ளே ஆள் மாறிவிட்டது.

ஆனால் அவள் சந்தோஷப்படவில்லை. அப்படிப்பட்ட பொருள் தனக்கு வேண்டியிருக்கிறது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. உரிமத் தேர்வை நடத்திய தோன் எவாரிஸ்தோ அன்று அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார். வேண்டிய பொருளைத் தேடுகிறவன் வக்கீல், இருக்கிற பொருளைத் தேடுகிறவன்தான் மொழிபெயர்ப்பாளன் என்று. ஒரு மழையை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பேனா தவறியிருக்கலாம். அவள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

பதினாறு வருஷத்து ஞாயிறுகள். கரையான் தின்ற பக்கங்களை மூச்சு விடாமல் புரட்டினாள். ‘வடகாற்று கப்பலை நான்கு நாள் லெட் பண்ணியது, மாவு வரவில்லை.’ ‘பாலம் விழுந்து கிடப்பது பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து லெட் பண்ணுகிறது.’ ‘திரு. ஹஃபிங்டன் கால் வீக்கத்தால் லெட் பண்ணப்பட்டார். மனைவி மட்டும் வந்தார்.’ இப்படி ஆறு இடங்கள் கிடைத்தன. ஏழாவது ஒன்றில் இரண்டு பொருளும் பொருந்தியது. அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

பிறகு இன்னொரு கேள்வி தோன்றியது. விடுவது, அனுமதிப்பது என்று எழுத வேண்டியபோது இந்த மனிதர் என்ன சொல்லைப் போட்டார்? மறுபடி முதலிலிருந்து தேடினாள். ‘கப்பல் உடைந்த மாலுமிகளை ஆலயத்தில் தூங்க சஃபர் பண்ணினோம்.’ ‘கேட்டோவின் மகளை முன்வரிசையில் பாட சஃபர் பண்ணினேன்.’ இன்று துன்பப்படுவது என்று எல்லாரும் சொல்கிற சொல் அவருக்கு அனுமதிப்பது. ஒன்பது இடத்தில் அந்தச் சொல்தான். அனுமதி என்ற பொருளில் ‘லெட்’ ஓர் இடத்தில்கூட இல்லை.

‘இன்’ என்ற சின்னச் சொல் இப்போது நெருடவில்லை. இறந்தோரைப் புதைப்பதில் எந்த மனிதனும் அவர்களைத் தடுக்கலாகாது. க்ரோவுக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருந்தது.

எழுந்தபோது கால் மரத்துப்போயிருந்தது. குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, 1908ஆம் வருஷத்து ஏட்டைத் திறக்காமலே வெளியே வந்து, பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போய் அப்பாவின் பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டாள்.

டவுனிலிருந்த நீதிபதி, மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்திருந்த இளம்பெண். துக்கம் விசாரித்துவிட்டு, குறிப்பேட்டின் பக்கங்களைப் பொறுமையாகப் பார்த்தார். ஆங்கிலம் ஓரளவு தெரியும் அவருக்கு. ஆறு இடத்தையும் தானே ஒருமுறை எண்ணினார். பிறகு, தனக்குப் புரிகிறது, ஆனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். 1948இல் செய்த மொழிபெயர்ப்பு அரசாங்க முத்திரையோடு பதிவில் இருக்கிறது. ஆர்டீலியா இறந்தவரின் மகள். அவளே மறுத்து எழுதிக் கொடுத்தால் எந்த நீதிமன்றமும் ஏற்காது. இன்னொரு அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சத்தியம் செய்து எழுத வேண்டும். அல்லது அதைச் செய்தவரே வாபஸ் வாங்க வேண்டும்.

“செஞ்சது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?” என்று கோப்பைப் புரட்டினார் நீதிபதி.

ஆர்டீலியாவுக்குத் தெரியும். கையெழுத்தை அவள் இருபத்தாறு வருஷமாகத் தன் சுவரில் மாட்டிவைத்திருந்தாள். அவளுடைய உரிமத்தில் இருந்ததும் அதே கையெழுத்துதான். தோன் எவாரிஸ்தோ செய்தது என்பதால்தான் அன்றைக்கு அவள் அந்த வரியை இரண்டாம் முறை சந்தேகப்படவில்லை.

தொலைபேசி அலுவலகத்தில் மதிய நேரம். கூண்டின் கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். அவள் அப்பா போய்விட்ட செய்தி டவுன் வரை வந்திருந்ததால், அவளை முதலில் விட்டார்கள்.

பெரிய தீவில் எவாரிஸ்தோ ஓய்வுபெற்று வீட்டிலிருந்தார். அறுபத்தேழு வயது. குரல் அப்படியே இருந்தது. முதலில் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, பெரிய தீவுக்கு எப்போது வருகிறாள் என்று கேட்டார். அவள் அப்பாவின் சாவைச் சொன்னாள். பிறகு பத்திரத்தைச் சொன்னாள்.

“ஞாபகம் இருக்கு,” என்றார். “நான் பண்ணுன மொத பத்திரம் அது. இருபத்துநாலு வயசு. சுலபமான வரி.”

“சார், உங்களுக்கு ஆறு வரி படிக்கிறேன். நீங்க கேட்டா மட்டும் போதும்.”

படித்தாள். மழை, வடகாற்று, பாலம். ஒவ்வொன்றுக்கும் அவர் ‘ம்’ என்று மட்டும் சொன்னார். மூன்றாவதுக்குப் பிறகு ‘ம்’ வரவில்லை. ஆறையும் முடித்துவிட்டு, சஃபர் பண்ணிய ஒன்பதையும் படித்தாள். ‘இன்’ என்ற சொல்லைப் பற்றியும் சொன்னாள். அவர் பழைய ஆள். விடுவதாக இல்லை. போதகர் கொச்சையாக எழுதியிருக்கலாம் என்றார். பத்திர மொழி வேறு, குறிப்பேட்டு மொழி வேறு என்றார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், தேர்வில் சொன்னதைப் போலவே நிதானமாக.

“நீ செத்தவரோட பொண்ணு. உனக்கு இந்தப் பொருள்தான் வேணும்,” என்றார் கடைசியில்.

“ஆமா சார், எனக்கு வேணும். அதனாலதான் உங்களக் கேக்கிறேன். இல்லன்னு நீங்க சொன்னா அப்பாவ ரோட்டு வழியா டவுன் கல்லறைக்குக் கொண்டுபோயிடுவேன். ஆனா அந்தப் பொருள் எனக்கு வேணும்கிறதுனாலயே தப்பாயிடாதுல்ல?”

மறுமுனையில் அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது சிரிப்பு என்று தெரிய ஒரு கணம் பிடித்தது.

“ஆர்டீலியா, நான் டென்னிஸ் கிளப்புல நடுவரா இருக்கேன், தெரியுமா உனக்கு? நாப்பது வருஷமா. சர்வீஸ் பந்து வலையில உரசிட்டுப் போனா என்ன கத்துவோம்?”

அவளுக்கு டென்னிஸ் தெரியாது.

“லெட். ‘லெட்’னுதான் கத்துவோம். வலை தடுத்துருச்சு, திருப்பிப் போடுன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம ஒசந்த நாற்காலில ஒக்காந்துக்கிட்டு இதே சொல்லக் கத்திக்கிட்டிருக்கேன். நாப்பது வருஷமா என்ன கத்துறோம்னு ஒரு நாள்கூட யோசிக்கல பாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “உங்க குடும்பத்துல அதுக்கப்புறம் வேற யாராவது செத்தாங்களா?”

“எங்கம்மா.”

அவர் அந்த அலுவலகத்தின் ஃபாக்ஸ் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் தாள் வந்தது. தட்டச்சு செய்யவில்லை, கையால் எழுதியிருந்தார். மேலே புதிய மொழிபெயர்ப்பு, கீழே முத்திரை, அதற்கும் கீழே இரண்டு வரி: ‘1948இல் நான் செய்தது பிழை. பத்திரத்திலோ அதை எழுதியவரிடமோ பிழை எதுவும் இல்லை.’ நீதிபதி அதை இரண்டு முறை படித்துவிட்டு, தன் உத்தரவைத் தானே தட்டச்சு செய்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருந்தது. அவள் தெருவில் இறங்கியபோது கடைவாசலில் நின்ற ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். இறந்தவருக்காகவா, தாளுக்காகவா என்று தெரியவில்லை.

வீட்டில் எல்டன் பெட்டிக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தான். அவள் தாளைப் படித்துக் காட்டினாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான்.

“விடக் கூடாதுன்னு இல்லயா?”

“தடுக்கக் கூடாதுன்னு இருக்கு.”

“மொதல்லேர்ந்தே அப்படித்தான் இருந்துச்சா?”

“மொதல்லேர்ந்தே.”

அவன் வாசலைத் தாண்டிக் கடலைப் பார்த்தான். “இன்னைக்குக் காலைல வரைக்கும் உயிரோட இருந்தாரேக்கா.”

“தெரியும்,” என்றாள் ஆர்டீலியா.

அவன் சுத்தியலை எடுத்துக் கடைசி ஆணியை அடித்துவிட்டு, படகின் அடியில் பாசி ஏறிக் கிடக்கிறது, சுரண்டியாக வேண்டும் என்று சொல்லிக் கரைக்குப் போனான்.

ஒரு வேலை மீதியிருந்தது. நீதிபதியின் உத்தரவைக் கொண்டுபோய் வேலிக்காரரிடம் கொடுக்க ஒரு போலீஸ்காரரைத் துணைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆர்டீலியா வேண்டாம் என்று தனியாகப் போனாள். கிழவர் ஹஃபிங்டன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. தோப்பு இப்போது அவர் மகன் ஆஸ்குட்டிடம் இருந்தது. எழுபது வயது, சபையில் டீக்கன். வராந்தாவில் ஒரு முக்காலியின் மேல் வலது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. எழ முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். ரான்ஸம் நல்ல மனுஷன் என்றார்.

உத்தரவைப் படித்ததும் முகம் இறுகிவிட்டது. லெட் என்றால் லெட்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார். பெருநிலத்துக்காரன் ஒருவன் தொலைபேசியில் சொன்னதற்காகத் தீவின் ஆங்கிலம் மாறிவிடாது என்றார். அவள் வாதாடவில்லை. குறிப்பேட்டை அவர் மடியில் வைத்து, பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினாள்.

ஆஸ்குட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதடு அசையப் படித்தார். ‘திரு. ஹஃபிங்டன் கால் வீக்கத்தால் லெட் பண்ணப்பட்டார். மனைவி மட்டும் வந்தார்.’ மறுபடியும் படித்தார். பிறகு முக்காலியின் மேலிருந்த தன் காலைப் பார்த்தார்.

“யாரு இது? எங்க தாத்தாவோட அப்பாவா?”

“வருஷம் அப்படித்தான் வருது, மிஸ்டர் ஆஸ்குட்.”

“வம்சத்துக்கே இந்தக் கால்தான் போல,” என்றார். வாய் கோணிச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. கால் வீக்கம் ஒருவரைச் சபைக்குப் போக விட்டது என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லாது. அவர் ஏட்டை மூடாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் அவளைப் பார்க்காமல் பேசினார். 1953இல் அந்தக் கரையில் தானும் நின்றதாகச் சொன்னார். தென்னைகளுக்குப் பின்னால், முப்பத்திரண்டு வயசு ஆளாக. தன் அப்பா பொய் சொல்லவில்லை, பேப்பரில் இருந்ததைத்தான் நம்பினார் என்றார். ஆனால் ரான்ஸம் படகைத் திருப்பியபோது படகில் இருந்த ஒரு சின்னப் பெண் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டே போனதைத் தன்னால் மறக்க முடியவில்லை என்றார்.

“நாளைக்கு எத்தன மணிக்கு?” என்று கேட்டார்.

“பத்து மணிக்கு.”

“ரோட்டுப் பக்கம் வராதீங்க. படகுலயே வாங்க. கரைப் பக்கத்து வேலிய இன்னைக்குச் சாயங்காலமே பிரிச்சுடச் சொல்றேன். எல்லாருக்கும் எறங்க எடம் வேணும்ல.”

மறுநாள் காலை பதினோரு படகுகள் போயின. கூப்பிடாதவர்களும் வந்திருந்தார்கள். வடக்குக் கரையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். செய்தி அவ்வளவு வேகமாகப் பரவியிருந்தது. முதல் படகில் பெட்டி. எல்டன் மோட்டாரைப் போடவில்லை, துடுப்புதான் போட்டான். பின்னால் வந்தவர்களும் அவனைப் பார்த்து மோட்டாரை அணைத்துவிட்டார்கள். பாட்டு ஒரு படகில் தொடங்கி அடுத்ததற்குத் தாவி, கடைசிப் படகு சரணத்தைப் பிடிக்கும்போது முதல் படகு பல்லவிக்குத் திரும்பியிருந்தது. யாரும் அதைச் சரிசெய்ய முயலவில்லை. ஆர்டீலியாவுக்கும் பாட்டு வந்தது. இப்படி வாய் திறந்து பாடி எத்தனையோ வருஷமாயிற்று.

கேட்டோ முனையில் வேலி இருந்த இடத்தில் வரிசையாகக் குழிகள் மட்டும் இருந்தன. ஆஸ்குட் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு, வலது காலில் செருப்பில்லாமல் நின்றார். கரை நெருங்கியதும் ஆண்கள் தண்ணீரில் குதித்தார்கள். இடுப்பளவு தண்ணீர். எல்டன் படகின் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை. மணல் உரசுகிற சத்தம் கேட்டதும் படகுகளிலிருந்த பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். சாவுக்குக் கைதட்டுவது தீவில் வழக்கமில்லை. போதகர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தானும் தட்டினார்.

குழிமேட்டில் ஆர்டீலியாவைப் படிக்கச் சொன்னார்கள். பத்திரத்தின் நகலை எடுத்து, அந்த வரியை எழுதியபடியே ஒருமுறை படித்தாள். பிறகு ஸ்பானிய மொழியில், எவாரிஸ்தோவின் புதிய வரியை. பிறகு தீவின் பேச்சில், எல்லாருக்கும் புரியும்படி: “நம்ம ஆளுங்களப் பொதைக்கிறதுல யாரும் நம்மளத் தடுக்கக் கூடாது.” முன்வரிசையில் யாரோ ஆமென் சொன்னார்கள். இன்னொரு முறை படி என்றார்கள். மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது.

மண் தள்ளி முடிந்ததும் ஆஸ்குட் கோலை ஊன்றிக்கொண்டு எல்டனிடம் போனார். குரலைத் தாழ்த்தி, அம்மாவை எப்போது கூட்டிக்கொண்டு வருவதாக இருக்கிறார்கள் என்று கேட்டார். மழைக்கு முன்னால் என்றால் தன் ஆட்கள் நாலு பேரை அனுப்புவதாகச் சொன்னார். எல்டன் தலையசைத்தான்.

தோப்பு நிழலில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். தேங்காய்ப்பாலில் மீனும் பன்றிவாலும் ஈரப்பலாக்காயும் வெந்துகொண்டிருந்தன. தட்டுகள் கைமாறின. யாரோ அப்பாவைப் பற்றி ஒரு கதை சொன்னார்கள்: சுறா என்று நினைத்துத் தன் நங்கூரத்தோடேயே அரை மணி நேரம் போராடியவர். சிரிப்பு தோப்பு முழுக்கக் கேட்டது.

ஆர்டீலியா தட்டை வாங்கிக்கொண்டுபோய் ஒரு தென்னையின் அடியில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கரண்டி கையில் இருக்க, தலை மரத்தில் சாய, அப்படியே தூங்கிப்போனாள். பக்கத்திலிருந்த பெண் மெதுவாகத் தட்டை எடுத்து மணலில் வைத்தாள்.

வெயில் நகர்ந்து அவள் முகத்துக்கு வந்தது. எல்டன் தன் தட்டோடு எழுந்து வந்து, இரண்டடி இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்து, தன் நிழல் அவள் நெற்றியில் விழும் இடத்தில் நின்றுகொண்டான். யாரோ உட்காரச் சொன்னார்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, நின்றபடியே முள்ளை எடுத்து எடுத்துச் சாப்பிடத் தொடங்கினான்.